கண்காட்சி நன்றாக நடந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

உறைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. எங்கள் சங்கத்தின் கண்காட்சி முடிந்து கணக்கு வழக்கெல்லாம் தீர்த்தாகிவிட்டது. நாணயம், தபால்தலை, பழைய நோட்டு, தீப்பெட்டி லேபிள் எல்லாம் கலந்த இரண்டு நாள் கண்காட்சி. செயற்குழு கூடியது, வருகைப் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கையைச் செயலாளர் வாசித்தார், போன தடவையைவிட அதிகம் என்றார், எல்லோரும் கை தட்டினோம், கலைந்தோம். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

ஏனென்றால் இரண்டு நாளும் நான் அரங்குக்குள்ளேயேதான் நின்றேன். முதல் நாள் காலையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், ஆசிரியர் முன்னே போக ஒரு சுற்று சுற்றிவிட்டு மறு வாசல் வழியாக வெளியேறிவிட்டார்கள். பதிவேட்டில் பாதிக்கு மேல் அந்தப் பெயர்கள்தான். மதியத்துக்கு மேல் டீலர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் வந்தவர்கள் அதில் பாதிகூட இருக்க மாட்டார்கள், ஆனால் பரிமாற்ற மேசையில் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை, மூடும் நேரம் வந்து விளக்கை அணைத்து அணைத்துக் காட்டித்தான் ஆட்களை எழுப்ப வேண்டியிருந்தது. பதிவேட்டைக் கேட்டால் முதல் நாள்தான் வெற்றி என்கிறது.

இதை வெறும் மனக்குறையாகச் சொல்லவில்லை. அடுத்த முறை பெரிய அரங்கு எடுப்பதா, மேசைகளைக் கூட்டுவதா, காட்சிச் சட்டங்களை (சேகரிப்புப் பக்கங்களைப் பொருத்தி நிறுத்தும் பலகைகளை) குறைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தலை எண்ணிக்கையை மட்டும் நம்பி அந்த முடிவை எடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் எதைப் பார்த்து ஒரு கண்காட்சி நன்றாக நடந்தது என்பீர்கள்? டீலர்கள், போட்டிக்கு வைப்பவர்கள், சும்மா பார்க்க வருபவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.


மேசைக்காரர்

டீலர் பக்கத்திலிருந்து நானே ஆரம்பிக்கிறேன். தயவுசெய்து எங்களிடம் வந்து "வியாபாரம் எப்படி?" என்று கேட்டு அந்தப் பதிலை அறிக்கையில் எழுதாதீர்கள். எப்போது கேட்டாலும் "ஏதோ ஓடுது சார்" என்றுதான் சொல்வோம். அமோகம் என்று சொன்னால் அடுத்த முறை மேசை வாடகை ஏறும், பக்கத்து மேசைக்காரர் நான் விற்ற அதே சரக்கைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிற்பார். மோசம் என்று சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்கும் ஆள் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். எதற்கு வம்பு?

வாய் சொல்வதை விட்டுவிட்டு கை என்ன செய்கிறது என்று பாருங்கள். கிளம்புவதற்கு முன்பே அடுத்த கண்காட்சிக்கு மேசை கேட்டு வருகிறாரா? கடைசி நாள் எத்தனை மணிக்கு மூட்டை கட்ட ஆரம்பிக்கிறார்? இந்த இரண்டாவது விஷயம் ரொம்ப முக்கியம். ஆறு மணிக்கு மூடும் அரங்கில் ஒருவர் மூன்றரைக்கே தட்டுகளை எடுத்துப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் அந்த வரிசையே காலி, அதற்கப்புறம் வேலை முடித்து ஆசையாக வருகிற ஆள் மேசை விரிப்பைத்தான் பார்த்துவிட்டுப் போவார், அவர் மறுபடி வர மாட்டார்.

எல்லாவற்றையும்விட, என்ன சரக்கு கொண்டுவருகிறார் என்று பாருங்கள். தெரியாத இடத்துக்கு முதல் தடவை போகும்போது எந்த டீலரும் கலப்புப் பெட்டிகளையும் சுமாரான ஆல்பங்களையும்தான் தூக்கிக்கொண்டு வருவார். நல்ல சரக்கு வீட்டில் இருக்கும். இங்கே விஷயம் தெரிந்து கேட்கிற ஆள் வருகிறார் என்று நம்பிக்கை வந்தால்தான் அடுத்த தடவை அந்த ஆல்பம் வெளியே வரும். மேசையில் கிடக்கும் சரக்கின் தரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது உங்கள் கண்காட்சியைப் பற்றி டீலர் தரும் நேர்மையான மதிப்பெண்.

இன்னொன்று, நாங்கள் விற்க மட்டும் வருவதில்லை, வாங்கவும் வருகிறோம். தாத்தாவின் பழைய ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு "இதுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?" என்று ஒருவர் வருவார் பாருங்கள், அந்த ஒருவருக்காகவே சில டீலர்கள் இரண்டு நாளும் உட்கார்ந்திருப்பார்கள். அன்று விற்பனை மந்தமாக இருந்தாலும் அவருக்கு அது நல்ல கண்காட்சிதான். எந்தச் சங்கமும் இதைக் கணக்கில் எடுத்து நான் பார்த்ததில்லை.


கிலோவேர்

மேசைக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அரங்கு திறப்பதற்கு முன்னால் டீலர்களுக்குள்ளேயே நல்லதெல்லாம் கைமாறிவிடுகிறதே, அதையும் சொல்லுங்கள். மேசை போடும் நேரத்திலேயே ஒரு சுற்று வியாபாரம் முடிந்துவிடுகிறது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி முதல் ஆளாக உள்ளே நுழைகிறவருக்கு வடிகட்டியது போக மிச்சம்தான்.


மேசைக்காரர்

உண்மைதான், மறுக்கவில்லை. இந்தத் தொழிலில் எல்லா இடத்திலும் நடப்பது அது. ஆனால் அப்படிக் கைமாறியதில் பெரும்பகுதி அதே அரங்கில் இன்னொரு மேசையில்தான் இருக்கும், விலை மட்டும் ஒரு படி ஏறியிருக்கும்.


எண்ணிப்பார்

எனக்கு எண்கள் பிடிக்கும், அதனால் தலை எண்ணிக்கையை ஒரேயடியாகத் தூக்கி எறிய விட மாட்டேன். குறை எண்ணிக்கையில் இல்லை, வாசலில் மட்டும் எண்ணுவதில் இருக்கிறது. உள்ளேயும் எண்ண வேண்டும்.

அரை மணிக்கு ஒரு தடவை ஒரே ஆள் அரங்கை ஒரு சுற்றுச் சுற்றி அந்த நிமிடம் உள்ளே எத்தனை பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். டீலர்கள், தொண்டர்கள் சேர்க்க வேண்டாம். நாள் முடிவில் அந்த எண்களின் சராசரியை எடுங்கள். அதை அரங்கு திறந்திருந்த மணிக்கணக்கால் பெருக்கி, வாசலில் நுழைந்தவர்கள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்பது வந்துவிடும். யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் இதற்கு லிட்டில் விதி என்று பெயர், ஜான் லிட்டில் 1961ல் இதற்கு நிரூபணம் கொடுத்தார்.

சும்மா ஒரு உதாரணம். அரங்கு 8 மணி நேரம் திறந்திருக்கிறது. முதல் நாள் 800 பேர் நுழைகிறார்கள், ஆனால் எந்த நேரத்தில் எண்ணினாலும் உள்ளே சராசரி 40 பேர்தான். 8ஐ 40ஆல் பெருக்கி 800ஆல் வகுத்தால் 0.4 மணி, அதாவது 24 நிமிடம். மறுநாள் 320 பேர்தான், ஆனால் உள்ளே சராசரி 60 பேர். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். உறைக்காரன் சார் கண்ணால் பார்த்த வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன், பதிவேட்டுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தாள் கையில் இருந்தால் பெரிய அரங்கு வேண்டுமா என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும். அரங்கின் அளவை முடிவு செய்ய வேண்டியது ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் அதிகபட்சக் கூட்டம். நாள் முழுவதும் நுழைந்தவர்களின் கூட்டுத்தொகைக்கு அதில் வேலையே இல்லை.

அப்புறம், இரண்டு நாள் கண்காட்சி என்றால் இரண்டு நாளும் வந்தவரை இரண்டு பேராக எண்ணாதீர்கள். முதல் நாள் ஒரு நிறம், இரண்டாம் நாள் வேறு நிறம் என்று ஒட்டுகிற சின்ன வில்லை கொடுத்து, இரண்டையும் ஒரே நுழைவு அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு நிறமும் உள்ள அட்டை எத்தனை என்று பாருங்கள். இரண்டாம் நாளும் ஒருவர் மெனக்கெட்டு வருகிறார் என்றால் முதல் நாள் அவருக்கு ஏதோ கிடைத்திருக்கிறது.


சட்டம்16

எண்ணிப்பார் சொன்ன 24 நிமிடத்தைப் பிடித்துக்கொள்கிறேன். நான் போட்டிப் பிரிவில் தபால்தலைக் காட்சி வைப்பவன். ஒரு சட்டத்துக்கு 16 பக்கம், சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.பி.யின் போட்டிகளில் 5 சட்டம் அல்லது 8 சட்டம் வைப்பார்கள். 5 சட்டம் என்றால் 80 பக்கம். ஒரு பக்கத்துக்கு வெறும் 20 விநாடி ஒதுக்கினாலும் ஒரே ஒருவருடைய காட்சியைப் பார்த்து முடிக்க 26 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆக, 24 நிமிடத்தில் வெளியே போகிற கூட்டம் எங்கள் சட்டங்களுக்கு முன்னால் நிற்கவே இல்லை என்று அர்த்தம். ஒரு ஆளின் பல வருடத் தேடலும் படிப்பும் அந்த 80 பக்கத்தில் இருக்கிறது, அதைச் சுவரோரம் வெளிச்சம் போதாத இடத்தில் நிறுத்திவைத்துவிட்டு "இத்தனை சட்டங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன" என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சல்.

பதக்க எண்ணிக்கையை வெற்றியாகக் காட்டுவதும் இப்படித்தான். 90 மதிப்பெண்ணுக்குத் தங்கம், 95க்குப் பெருந்தங்கம் என்று போகும் அந்த அளவுகோல் காட்சிப்பொருளை அளக்க வந்தது. மரபுவழிப் பிரிவில் பொருளை எடுத்தாண்ட விதத்துக்கும் அதன் முக்கியத்துவத்துக்கும் 30, அறிவுக்கும் ஆய்வுக்கும் 35, நிலைமைக்கும் அருமைக்கும் 30, பார்வைக்கு வைத்த அழகுக்கு 5. நன்றாக யோசித்துப் போட்ட கணக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதற்கு அந்த நூறில் இடமே கிடையாது. அதைச் சங்கம்தான் தனியாகப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் ஒரு கண்காட்சியின் தரத்தை ஜூரி சட்டத்துக்கு முன்னால் நின்று பேசும் நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். மதிப்பெண் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும் இடங்கள் உண்டு. ஒரு ஜூரி உங்களுடன் மூன்றாவது சட்டத்துக்கு முன்னால் குனிந்து, இந்தத் தபால் உறையின் கட்டண விகிதத்தை ஏன் எழுதாமல் விட்டாய், இந்த முத்திரையின் தேதியும் நீ சொல்லும் வழித்தடமும் ஒத்துப்போகவில்லையே என்று விரல் வைத்துக் காட்டும் இடங்களும் உண்டு. அப்படிச் சொல்லிக் கொடுத்த இடத்துக்கு வெள்ளிப்பதக்கத்தோடு திரும்பினாலும் அடுத்த முறையும் போவேன்.


பொருளாளர்

எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் அரங்க வாடகையை யார் கட்டுவது? எங்கள் சங்கத்தில் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், தலை எண்ணிக்கையை இவ்வளவு இளக்காரமாகப் பேசாதீர்கள். விளம்பரம் கொடுப்பவர் கேட்பது அதைத்தான். அரங்கை சலுகை வாடகைக்குத் தருபவர் கேட்பதும் அதைத்தான். சராசரி தங்கிய நேரம் ஒன்றரை மணி என்று அவரிடம் போய்ச் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பார். பள்ளிப் பிள்ளைகள் வந்ததை ஏதோ பொய்க்கணக்கு மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பிள்ளைகளில் ஒருவன் பத்து வருடம் கழித்து மேசையில் வந்து உட்கார மாட்டான் என்று யார் சொன்னது?

இன்னொரு விஷயம் யோசியுங்கள். வரவு எங்கிருந்து வருகிறது என்பது கண்காட்சியின் குணத்தையே மாற்றும். மேசை வாடகையில் ஓடுகிற கண்காட்சிக்கு டீலர்தான் எஜமான், மெதுவாகக் காட்சிச் சட்டங்கள் மூலைக்குப் போகும், நுழைந்ததும் கண்ணில் படுவது வியாபாரம் மட்டுமாக இருக்கும். நுழைவுக் கட்டணத்தில் ஓடினால் கூட்டத்தை இழுக்க ஏதாவது வேடிக்கை காட்டியே ஆக வேண்டும். உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் ஓடினால் நிம்மதி, ஆனால் அது எத்தனை நாள் தாங்கும்? எண்ணிக்கைக்கும் இதே கதைதான். இலவச நுழைவில் வந்த ஆயிரமும் கட்டணம் வைத்து வந்த ஆயிரமும் ஒன்றில்லை. போன வருடம் இலவசம், இந்த வருடம் கட்டணம் என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஏறியது இறங்கியது என்று பேசவே கூடாது.


எண்ணிப்பார்

பொருளாளர் சார், நீங்கள் சொன்ன அந்தப் பையனைத்தான் நானும் தேடுகிறேன். பத்து வருடம் காத்திருக்க வேண்டாம். பள்ளியிலிருந்து வரிசையில் வரும் பிள்ளைக்கு ஒரு இலவச அட்டை கொடுங்கள், அடுத்த நாளோ அடுத்த மாதச் சந்திப்புக்கோ பெற்றோருடன் வந்தால் கலப்புப் பெட்டியில் இருந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அந்த அட்டை எத்தனை திரும்பி வந்தது என்று பாருங்கள். ஐந்து வந்தாலும் அது மெய்யான ஐந்து.


புதுஆல்பம்

இந்த இழையில் எழுதுபவர்கள் எல்லோரும் பழையவர்கள் போல இருக்கிறது, அதனால் புதிதாக வந்தவள் சார்பில் நானும் சொல்கிறேன். முதன்முதலாக ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனபோது எந்த மேசையில் போய் நின்றாலும் எனக்குப் பின்னால் வந்த பழக்கமான ஆளுக்குத்தான் முதலில் பதில் கிடைத்தது. ஒரு நாணயத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் விலையை மட்டும் சொன்னார்கள். "பையனுக்காகவா மேடம்?" என்று கேட்டவர்கள் அதிகம். எனக்காகத்தான் வந்தேன் என்று எத்தனை தடவை சொல்வது. கிளம்பிவிடலாம் என்று நினைத்தபோது ஒரு பெரியவர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேசையில் மெத்தென்ற துணியை விரித்து, நாணயத்தின் முகத்தில் விரல் படாமல் விளிம்பை மட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கக் காட்டினார். விளக்குக்குக் கீழே லேசாகச் சாய்த்தால் மேற்பரப்பில் வெளிச்சம் ஒரு பட்டையாகச் சுழன்று வரும், புழங்காத நாணயத்தில் அது அறுபடாமல் ஓடும், தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்தில் அது இருக்காது, செத்துப்போன மினுமினுப்புதான் இருக்கும் என்று இரண்டையும் என் கையிலேயே மாற்றி மாற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் யாராலும் எனக்குச் சுத்தம் செய்த நாணயத்தைப் புதுசு என்று விற்க முடியவில்லை.

நான் இன்றைக்கும் கண்காட்சிகளுக்குப் போகிறேன் என்றால் அந்த அரை மணி நேரம்தான் காரணம். அந்தச் சங்கத்தின் பதிவேட்டில் நான் வெறும் ஒரு வரிசை எண். நுழைவுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வி அச்சடியுங்கள்: "இதுபோன்ற கண்காட்சிக்கு வருவது முதல் முறையா?" கூடவே விருப்பம் இருந்தால் கைபேசி எண். அடுத்த கண்காட்சியில் அவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் முறை வந்தவர்களில் பெண்கள் எத்தனை, திரும்பி வந்தவர்களில் பெண்கள் எத்தனை என்று தனியாகவும் பாருங்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால் உங்கள் மேசைகளில் எப்படிப் பேசுகிறார்கள் என்று போய்க் கவனிக்க வேண்டும்.


கிலோவேர்

புதுஆல்பம் அம்மா, நீங்கள் எழுதியதை எங்கள் சங்கக் குழுவில் அப்படியே போடலாமா? புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க "முதல் முறை மேசை" என்று ஒன்று போட வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு மேசை வாடகை போய்விடும் என்று தள்ளிவிடுகிறார்கள்.


புதுஆல்பம்

தாராளமாகப் போடுங்கள்.


லேபிள்தீ

பணம் கைமாறாத பக்கத்தை யாரும் சொல்லவில்லை. நான் தீப்பெட்டி லேபிள் ஆள், எங்களுக்கு டீலர் என்று அதிகம் பேர் கிடையாது, பரிமாற்றத்தில்தான் பாதி ஆல்பம் நிறையும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து தங்கள் டூப்ளிகேட் ஆல்பத்தை மாற்றிக்கொள்வார்கள், இடுக்கியால் தொடாமல் சுட்டிக் காட்டி "இது, இது, அப்புறம் இந்த வரிசை முழுக்க" என்பார்கள், எதிரில் இருப்பவர் அதற்கு ஈடாக என்ன கேட்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார், ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு உறைகள் நிறையும். எந்த ரசீதிலும் இது வராது. பொருளாளர் புத்தகத்தில் இதற்குப் பூஜ்யம். ஆனால் இரண்டு பேருக்குமே தேடிக்கொண்டிருந்தது கிடைத்திருக்கிறது.

பரிமாற்ற மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துவிடுங்கள், மாற்றிக்கொண்டவர்கள் தாங்களாகவே ஒரு கோடு போட்டுவிட்டுப் போகட்டும். பெயர் வேண்டாம், மதிப்பு வேண்டாம்.


பழையமுத்திரை

பாதுகாப்பையும் சேருங்கள். ஒரு திருட்டு நடந்தால் மற்ற எல்லா எண்ணும் மறந்துபோகும். 1955ல் அமெரிக்கத் தபால்தலைச் சங்கம் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் நடத்திய மாநாட்டில் காட்சிச் சட்டத்திலிருந்தே எதல் மெக்காய் அம்மையாரின் 'தலைகீழ் ஜென்னி' தபால்தலைகள், நான்கு பிரியாமல் ஒட்டியிருந்த ஒரு கட்டம், களவு போனது. விமானம் தலைகீழாக அச்சான 1918ஆம் ஆண்டு 24 சென்ட் தபால்தலை, நூறே நூறு வெளியே வந்தவை. திருடியவர்கள் நான்கையும் பிரித்துவிட்டார்கள். பிறகு மூன்று ஒன்றொன்றாகக் கிடைத்தன, அதில் மூன்றாவது 2016 நியூயார்க் உலகத் தபால்தலைக் கண்காட்சியில்தான் அம்மையார் உரிமையை எழுதிக் கொடுத்திருந்த அமெரிக்கத் தபால்தலை ஆய்வு நூலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது, 61 வருடம் கழித்து. அந்த நார்ஃபோக் மாநாட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யாராவது பேசுகிறார்களா? திருட்டைத்தான் பேசுகிறோம்.

அதனால் அறிக்கையில் காணாமல் போனது எத்தனை, சட்டம் திறக்கும்போதும் மூடும்போதும் உரிமையாளர் கையெழுத்து வாங்கினோமா, இரவுக் காவல் யார் என்பதற்கு ஒரு பத்தி இருக்கட்டும். தன் பொருள் பத்திரமாகத் திரும்பும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் நல்லதை வெளியே கொண்டுவருவார், மேசைக்காரர் டீலர்களைப் பற்றிச் சொன்னது காட்சி வைப்பவர்களுக்கும் பொருந்தும்.


சட்டம்16

நியூயார்க் பேச்சு வந்ததால் ஒன்று. அமெரிக்காவின் சர்வதேசக் கண்காட்சிகள் 1913 முதல் பத்து வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வருபவை. லண்டனிலும் கிட்டத்தட்ட அப்படியே, 2020ல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. இப்படிப் பத்து வருடத்துக்கு ஒரு முறை நடப்பதற்கு "டீலர் அடுத்த முறை மேசை கேட்டாரா" என்ற அளவுகோல் உதவாது. அங்கே மிஞ்சுவது அட்டவணைப் புத்தகம், அங்கே வாசித்த கட்டுரைகள், அதைப் பார்த்துவிட்டு ஒரு புதுத் துறையில் இறங்கியவர்கள். ஆக, எந்த மாதிரிக் கண்காட்சி என்று முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும், அளவுகோல் அதற்கப்புறம்.


எண்ணிப்பார்

அமெரிக்காவின் டூசான் நகரில் நடக்கும் கனிமக் கண்காட்சியையும் சொல்லலாம். 1955ல் உள்ளூர்க் கனிமச் சங்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் நடத்திய சின்னக் கண்காட்சி. அது வளர்ந்து இன்றைக்கு அந்தப் பருவத்தில் ஊர் முழுக்க ஹோட்டல் அறைகளிலும் கூடாரங்களிலும் வேறு ஆட்கள் நடத்தும் டஜன் கணக்கான கண்காட்சிகள் சுற்றி முளைத்துவிட்டன. நம் தேதியைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் தேதியை வைக்கிறார்கள் என்றால் அதைவிட என்ன சான்று வேண்டும்? சின்ன அளவில் இதை நாமும் பார்க்கலாம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதே நாளில் தங்களுக்குள் தனிச் சந்திப்பு வைத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.


நடுவர்போல்

எல்லாம் சரி, ஒரு எச்சரிக்கை. எதை இலக்காக வைக்கிறீர்களோ அதை எப்படியாவது எட்டிக் காட்டுவார்கள், அதோடு அந்த எண் எதையும் சொல்லாமல் போய்விடும். பொருளாதாரத்தில் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975ல் சொன்னது இதைத்தான். தலை எண்ணிக்கையைக் கேட்டீர்கள், பள்ளிப் பேருந்துகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாளைக்கு டீலர் முன்பதிவைக் கேட்டால் பாதி வாடகைக்கு மேசை என்று அறிவித்து நிரப்பிவிடுவார்கள். பரிமாற்றக் கோடு எண்ணினால் கோடு போட ஆள் கிடைப்பான். அதனால் இந்த எண்களைப் பாராட்டு விழாவுக்கோ பதவிப் போட்டிக்கோ பயன்படுத்தாதீர்கள். குழுவுக்குள் அடுத்த கண்காட்சியைத் திட்டமிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வாசிக்க வேண்டாம்.

மாதச் சந்திப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே இந்த எண்கள் எதுவும் தேவைப்படாது, வருவதே பத்துப் பதினைந்து பேர். நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். இந்த மாதம் காட்டுவதற்கு யாராவது புதிதாக எதையாவது கொண்டுவந்தார்களா, இல்லை போன மாதம் பார்த்த அதே ஆல்பமா? செயலாளர் வர முடியாத மாதத்திலும் சந்திப்பு நடந்ததா? இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அங்கே சங்கம் கிடையாது, ஒரே ஒரு நல்ல மனிதர் இருக்கிறார். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போவதற்கு முன்னால் இன்னொருவரைப் பழக்க வேண்டும். இப்படிச் செயலாளரோடு சேர்ந்து நின்றுபோன சந்திப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன், மனசு தாங்கவில்லை.


உறைக்காரன்

நண்பர்களே, இவ்வளவு பேர் இவ்வளவு யோசித்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இழை முழுவதையும் செயற்குழுவில் வாசித்தேன். பொருளாளர் சார் கவலைப்பட்டது எங்கள் பொருளாளருக்கும் இருந்தது, அதனால் வாசல் எண்ணிக்கை அப்படியே தொடரும், வெளியே சொல்ல அது இருக்கட்டும், பள்ளிக் குழுக்களைத் தனி வரியில் எழுதுவது என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள். குழுவுக்குள் பார்ப்பதற்கு அரை மணிக்கொரு முறை உள்ளே எண்ணும் தாள், இரண்டு நிற வில்லை, நுழைவுச் சீட்டில் "முதல் முறையா" என்ற கேள்வி. கடைசி நாள் டீலர்கள் மூட்டை கட்டும் நேரத்தைக் குறிக்க ஒரு தொண்டர். முதல் முறை மேசைக்கு வாசலை ஒட்டியே இடம் ஒதுக்கியாகிவிட்டது, அதற்கு ஆள் போடுவதுதான் தகராறு, நன்றாகப் பேசத் தெரிந்த மூத்தவர்களுக்கு எல்லாம் சொந்த மேசை இருக்கிறது. மணிக்கு ஒருவர் என்று முறை வைக்கலாமா?

பெரிய அரங்கு இந்தத் தடவை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. சட்டங்களைச் சுவரோரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து மேலே விளக்கு போடப் போகிறோம், ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒரு நாற்காலியும் உண்டு.

மேசைக்காரர் ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. அடுத்த கண்காட்சிக்கான மேசைப் படிவத்தை எப்போது கொடுப்பது? கடைசி நாள் மாலையில் எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள்.


மேசைக்காரர்

கடைசி நாள் மாலையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், எல்லோரும் "வீட்டுக்குப் போய் போன் பண்றேன்" என்பார்கள். முதல் நாளும் வேண்டாம், அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. கடைசி நாள் மதியம் கூட்டம் கொஞ்சம் தணியும் நேரம் பார்த்து மேசை மேசையாக நேரில் போய்க் கொடுங்கள், முன்பணம் கேட்காதீர்கள், எந்த மேசை வேண்டும் என்று மட்டும் அரங்க வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். தயங்காமல் தன் இடத்தையே மறுபடி குறிப்பவர் ஒரு ரகம், இடம் மாற்றிக் கேட்பவர் இன்னொரு ரகம், அவரிடம் ஏன் என்று கேட்டால் வெளிச்சம், நெரிசல், பக்கத்து மேசைச் சத்தம் என்று உங்களுக்கு வேண்டிய தகவல் எல்லாம் கொட்டுவார். வியாபாரம் எப்படி என்று கேட்டால் வாயைத் திறக்காத ஆள், மேசையை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் கால் மணி நேரம் பேசுவார்.

முதல் முறை மேசைக்கு மணிக்கு ஒருவர் என்ற முறை சரிதான். என் பெயரைக் காலை பதினொரு மணிக்குப் போடுங்கள், அந்த நேரம் என் மேசையைத் தம்பி பார்த்துக்கொள்வான். மெத்துத் துணியும் விளக்கும் நானே கொண்டுவருகிறேன்.


புதுஆல்பம்

உறைக்காரன் சார், மதியம் இரண்டு மணிக்கு என் பெயரைப் போடுங்கள். எனக்குச் சொந்த மேசை கிடையாது.